மருந்து படாத அரை ஏக்கர்

அக்டோபர் 3, வெள்ளி

இந்த நோட்டு என் மருமகள் சுகந்தி சாப்பிடுவதை எழுதுவதற்கு. எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா ஜெசிந்தா கொடுத்தது. சுகந்திக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு புள்ளி ஒன்றுதான் இருக்கிறதாம். இப்படியே போனால் பிரசவத்தில் உடம்பு தாங்காது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டது.

"தேதி போட்டு எழுதுங்கக்கா. மூணு வேளையும் என்ன சாப்பிட்டாங்கன்னு. பொய் எழுதிராதீங்க."

பொய் எழுத எனக்கு என்ன வேண்டுதலா? பத்தாம் வகுப்பில் கணக்கில்தான் பெயில். தமிழில் எழுபத்திரண்டு.

கூடவே ஒரு அட்டையும் கொடுத்தது. மாதுளை, பேரீச்சை, ஆப்பிள், பீட்ரூட் என்று கலர் கலராகப் படம். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டே விட்டேன்.

"ஏம்மா, எங்க ஊர்ல வெளையுறது ஒண்ணுகூட இதுல இல்லையே?"

"உங்க ஊர்ல என்னக்கா வெளையுது?"

"மக்காச்சோளம்."

"அத நீங்க சாப்பிடுவீங்களா?"

"கோழி சாப்பிடும்."

நர்சம்மா சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரம்பலூரைச் சுற்றி இத்தனை கரிசல் காடு, இத்தனை பேர் உழைப்பு, எல்லாம் லாரி ஏறி எங்கோ இருக்கிற கோழிப் பண்ணைக்குப் போகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் இல்லை.

சுகந்தி இன்று: காலை, பாக்கெட் மாவில் சுட்ட இட்லி இரண்டு. மதியம் சோறும் ரசமும். இரவு அதே சோறு, அதே ரசம். எழுதிப் பார்த்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது.


அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு ஏக்கரிலும் மக்காச்சோளம் ஊன்றி முடித்தாயிற்று. நாளை மறுநாள் களைக்கு மருந்தடிக்க செல்வராசுவை வரச் சொல்லியிருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். அவர் பெயர் கலியபெருமாள். பெயரை எழுதக் கூடாது என்பார்கள். நோட்டு என்னுடையது, எழுதுவேன்.

நான் சொன்னேன், மேற்குப் பக்கம் அரை ஏக்கரில் மருந்து அடிக்கக் கூடாது.

"ஏன்? அங்க என்ன சாமி இருக்கா?"

"கீரை இருக்கு."

மருந்து வந்து ஆறு வருஷம். அதற்கு முன்னால் யார் காடாக இருந்தாலும், களையெடுத்தவளுக்கு ஒரு மடி கீரை உண்டு. கேட்க வேண்டியதில்லை. வரப்பில் முளைத்தது பறிக்கிறவளுக்குச் சொந்தம், அதற்கும் கேட்க வேண்டியதில்லை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை எல்லாம் விதைக்காமலே வரும். மருந்தடித்த காட்டில் மக்காச்சோளத்தைத் தவிர ஒன்றும் வராது. மண் கழுவிவிட்ட தரை மாதிரி கிடக்கும். அதைப் பார்த்து, என்ன சுத்தம் என்று பெருமை வேறு.

"கீரைதான வேணும்? சந்தையில கட்டு கட்டா விக்கிறான், வாங்கிக்க."

"வாரத்துல ஒரு நாள் சந்தை. மத்த ஆறு நாளும் வயித்துப் புள்ளைக்கு ரசத்த ஊத்தவா?"

"அரை ஏக்கருக்குக் களையெடுக்க ஆளு யாரு தருவா?"

"என் ஆளுங்கள நான் பாத்துக்கறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அது சரி என்பதா, போடி என்பதா, இருபத்து நான்கு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

போடி என்பதுதான்.

காலையில் காட்டுக்குப் போய்ப் பார்த்தால் செல்வராசு முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு கிழக்கே முடித்துவிட்டு மேற்கே திரும்பிக்கொண்டிருக்கிறான். இவர் வேப்ப மரத்தடியில் நின்று பீடி குடிக்கிறார். ஓடினேன். ஓடியதில் மூச்சு வாங்கி, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வெயில் அப்படி.

நேராகப் போய்ச் செல்வராசுவின் குழாய்க்கு முன்னால் நின்றேன்.

"அக்கா, தள்ளுங்க, மேல படும்."

"படட்டும். மொதல்ல என் மேல அடி, அப்புறம் மண்ணுல அடி."

"அண்ணே, என்னண்ணே இது?" என்று அவன் இவரைப் பார்த்தான்.

"ஏ புள்ள, மானத்த வாங்காத. வா இந்தப் பக்கம்."

வரவில்லை. அரை மணி நேரம் நின்றேன். கால் நடுங்கியதால் உட்கார்ந்தேன். கோபத்தில் நடுங்கியதுதான், வேறொன்றுமில்லை. செல்வராசுவுக்கு வேறு காடு காத்திருந்தது. டப்பாவை இறக்கி வைத்து, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று போயே போய்விட்டான்.

"சரி, உன் அரை ஏக்கர நீயே வச்சு அழு" என்றார் இவர்.

வைத்துக்கொண்டேன். அழமாட்டேன்.


அக்டோபர் 8, புதன்

அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக வேலை பார்த்தேன். அரை ஏக்கரில் மக்காச்சோளச் சாலுக்கு இடையே தட்டைப்பயறு ஊன்றினேன், ஓரத்தில் அவரை.

சுகந்தி: காலை கம்மங்கூழ். மதியம் சோறு, முருங்கைக்கீரை, முட்டை ஒன்று. எங்கள் கோழி முட்டை. வழக்கமாக அது இவர் தட்டுக்குப் போகும். இன்று போகவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேசாத விரதத்தில் இருப்பதால் கேட்கவும் முடியவில்லை.


அக்டோபர் 16, வியாழன்

நல்ல மழை. அரை ஏக்கரில் எள் போட இடமில்லாமல் முளைத்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். "தையல்நாயகி களைய வெதச்சிருக்கு" என்று டீக்கடையில் பேச்சாம். சிரிக்கட்டும். சிரித்தவன் வீட்டுப் பெண்பிள்ளை முதல் ஆளாக மடியோடு வந்து நிற்கும், பார்க்கத்தானே போகிறேன்.

இன்று சுகந்தி சிலேட்டுக் குச்சி தின்றதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். தலையணைக்கு அடியில் ஒரு டப்பா.

"என்னாடி இது, சின்னப் புள்ள மாதிரி?"

"வாய் ஊறுது அத்தை. நிறுத்த முடியல."

நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். ரத்தம் இல்லாதவர்களுக்கு அப்படித்தான், மண், சாம்பல், பச்சரிசி என்று எதையாவது தின்னத் தோன்றும், திட்டாதீர்கள் என்றது. திட்டவில்லை, டப்பாவை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். நானும்தான் அரிசி புடைக்கும்போது இரண்டு பிடி வாயில் போட்டு மெல்லுகிறேன். அது பல்லுக்கு ஒரு வேலை, பழக்கம். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்க முடியுமா?

இன்னொன்றும் கேட்டது. "இரும்புச் சத்து மாத்திரைய எதோட குடுக்குறீங்க?"

"டீயோடதான். கசப்பு தெரியாம உள்ள போயிரும்."

"ஐயோ அக்கா! டீ அந்தச் சத்த ஒட்டவே விடாது. ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கணும். எலுமிச்சம்பழத் தண்ணியோட குடுங்க."

இரண்டு மாதமாக நானே என் கையால் கெடுத்திருக்கிறேன். சாப்பிடக் கொடுக்கிற கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. நன்றாக இருக்கிறது.


அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

சுகந்தி: எல்லாம் தின்றாள். மகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான், பொக்லைன் ஓட்டுகிறான். கறி எடுத்தோம். ஈரல் முழுவதும் சுகந்திக்கு என்று பிரித்து வைத்தேன். குழம்பு மகனுக்கும் இவருக்கும் சரியாக இருந்தது. எனக்குச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டிக்கொண்டேன், அதில் இருக்கிற ருசி வேறு எதிலும் இல்லை.


அக்டோபர் 27, திங்கள்

களையெடுப்பு. பவுனு தன் ஆட்கள் ஏழு பேரோடு தெற்குத் தெருவிலிருந்து வந்தாள். கூலியாக இல்லை, மாற்று வேலையாக. இவர்கள் இன்று எனக்கு, நான் அவர்கள் எடுத்திருக்கிற குத்தகைக் காட்டுக்கு எட்டு நாள். கீரை அவரவர் மடியில்.

பவுனுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. களையெடுப்பும் கீரையும் ஒரே நாளில் போனது அவளுக்குத்தான். எனக்காவது முருங்கை மரம் இருக்கிறது.

"ஆறு வருசமாச்சுக்கா, இப்படிக் குனிஞ்சு பறிச்சு" என்றாள். "மருந்து வந்தப்ப, இனிமே இடுப்பு ஒடியாதுன்னு சந்தோசப்பட்டோம். வயிறு ஒட்டுனது அப்புறந்தான் தெரிஞ்சுது."

எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். நான் இரண்டு சாலுக்கு ஒரு முறை நின்று நின்று எடுத்தேன். மேற்பார்வை பார்க்க ஒருத்தி வேண்டுமே. பவுனு இரண்டு தரம் திரும்பிப் பார்த்து, "அக்கா, ஒங்க கை ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள். சுண்ணாம்பு தொட்டிருப்பேன் என்றேன்.

சாயங்காலம் எட்டுப் பேரும் மடி தூக்கிப் போனதைப் பார்க்க வேண்டுமே! வயிற்றில் எட்டு மாதம் மாதிரி. கத்திச் சிரித்தேன்.

சுகந்தி: தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் துவரம்பருப்பு போட்டுக் கடைந்தது, மூன்று கரண்டி. கேட்டு வாங்கினாள்.


நவம்பர் 6, வியாழன்

நான் சொன்னது நடந்துவிட்டது. டீக்கடையில் சிரித்தவரின் மனைவி வந்து, "கொஞ்சம் கீரை பறிச்சுக்கவா?" என்றாள். கேட்காதே, பறி என்றேன். பயிருக்குள் மிதிக்காமல் வரப்போரமாகப் பறித்துப் போனாள். இப்போதெல்லாம் காட்டுக்குள் இருந்தது தீர்ந்துவிட்டது, வரப்பில்தான் தளதளவென்று நிற்கிறது. தினமும் நாலு பேராவது வருகிறார்கள்.

இவருக்கு இது பிடிக்கவில்லை. "வரப்பு பூராவும் பொதரு. எலி அண்டும், பாம்பு அண்டும். ஊரே நம்ம காட்ட மிதிக்குது" என்றார். எலி உங்களைக் கேட்டதா என்றேன். துண்டை உதறினார்.

மாதத் தொல்லை பத்து நாளாகியும் நிற்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் அப்படித்தான் இருக்கும். இது இந்த நோட்டில் எழுத வேண்டியது இல்லை. எழுதிவிட்டேன், அடிக்க ரப்பர் இல்லை.


நவம்பர் 10, திங்கள்

பவுனு எடுத்திருக்கிற குத்தகைக் காட்டில் இன்று என் முறை வேலை. மாலை திரும்பினேன்.

இவர் விடிகாலையில் ஒரு தரம் குளித்தவர், காட்டிலிருந்து வந்து மறுபடி சோப்புப் போட்டுக் குளித்தாராம், சுகந்தி சொன்னாள். வேட்டியைத் தானே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை. நான் கொஞ்ச நாளாகப் பேசுகிற பேச்சில் ஆளுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

சுகந்தி: காலை கூழ். மதியம் முட்டை. இரவு தட்டைப்பயறு சுண்டல். நாளை கீரை.


நவம்பர் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வரப்பில் ஒரு மடி கீரை பறித்தேன். இலை நன்றாகத்தான் இருந்தது, ஒரு வாட்டமும் இல்லை. கடைந்தேன். உப்புப் பார்த்தேன். சுகந்திக்குப் போட்டேன். வீட்டில் முதல் சாப்பாடு இப்போது அவளுக்குத்தான், நான் வைத்த சட்டம். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், இவர் உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார்.

"கீரை எங்க பறிச்ச?"

"வரப்புலதான். வேற எங்க?"

அவர் முகம் போன போக்கை எப்படி எழுதுவது? ஒரே எட்டில் வந்து தட்டைத் தட்டிவிட்டார். சோறும் கீரையும் சுவரெல்லாம் தெறித்தது.

"துப்பும்மா! துப்பு! வாயக் கொப்புளி!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டாம் குளியல், வேட்டி, எல்லாம். நான் இல்லாத நேரம் பார்த்து, திங்கட்கிழமை காலையில் வரப்பு முழுவதும் மருந்தடித்திருக்கிறார். செல்வராசு வரமாட்டேன் என்றதால், தானே டப்பாவை வாங்கி மாட்டியிருக்கிறார். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் இலை வாடும் என்பது அவருக்குத் தெரியும். வரப்புக் கீரையை யாரும் கேட்டுப் பறிப்பதில்லை என்பதும் தெரியும். சொன்னால் நான் சண்டைக்கு வருவேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

மூன்று பேரும் ஒரே வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். போகிற வழியில் எனக்குப் பவுனு நினைப்பு வந்தது.

"அந்த வரப்புல ஊரே பறிக்குதே! தெற்குத் தெருவுக்கு யாரு சொல்றது?"

எங்களை இறக்கிவிட்டு இவரே திரும்பிப் போனார். வீடு வீடாக நின்று, "வரப்புல மருந்தடிச்சுட்டேன், கீரைய யாரும் திங்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, முக்கால்வாசிப் பேர் இரண்டு நாளாகக் குத்தகைக் காட்டு வேலையில் இருந்ததால் பறிக்கப் போகவில்லை. மூன்று வீட்டில் மட்டும் சாயங்காலம் கடையப் பறித்து வைத்திருந்ததைக் கொட்டினார்கள். பவுனு அவரிடம், "அண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமேண்ணே" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

சுகந்திக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் வரைக்கும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். வயிற்றில் பிள்ளை நன்றாக உதைக்கிறது. செவ்வாய்க்கிழமை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற நாள் என்பதால் ரத்தமும் பார்த்தார்கள். ஒன்பது புள்ளி ஆறு! ஐந்து வாரத்தில் ஒன்றரை ஏறியிருக்கிறது. மாத்திரையும் டீயைத் தள்ளி வைத்ததும் கீரையும் முட்டையும் எல்லாம் சேர்ந்துதான் என்றது நர்சம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழமாட்டேன் என்று எழுதியது நான்தான்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகம் கழுவக் குழாயடிக்குப் போனவள், கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். விரலில் ஊசி குத்தியிருந்தது.

"அக்கா, உங்களுக்கு ஆறு புள்ளி ஏழு" என்றது நர்சம்மா. "மருமகளவிட மோசம். எப்படி நடமாடுறீங்க?"

"வெயில்ல நின்னது. காலையிலேர்ந்து பதற்றம்."

நர்சம்மா சுகந்தியின் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தது.

"ஊருல எல்லாரும் சாப்பிட்டது இருக்கு. கோழி சாப்பிடுறதுகூட இருக்கு. நீங்க சாப்பிட்டது எங்கக்கா?"

நோட்டை அதன் கையிலிருந்து பிடித்து இழுத்தேன். வரவில்லை. இவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.


நவம்பர் 15, சனி

மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரத்தம் ஒரு பாட்டில், இரும்புச் சத்து ஒரு பாட்டில். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் கட்டி, பயப்படும்படி இல்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா என்னை விட என் நோட்டை அதிகம் பார்த்தது.

இவர் மூன்று நாளும் கூடவே இருந்தார். ஒரு தரம் மெதுவாக, "அரை ஏக்கர்தான நீ கேட்ட. வரப்பக் கேக்கலையேன்னு நெனச்சேன்" என்றார்.

"நெலம் இல்லாதவளுக்கு வரப்புதாங்க காடு" என்றேன்.

துண்டை உதறவில்லை. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.


நவம்பர் 17, திங்கள்

பவுனு ஆட்களோடு பார்க்க வந்தாள். முருங்கைக்கீரை, நாலு முட்டை, கொஞ்சம் கருவாடு. பேசி முடிவு செய்துவிட்டோம். வரப்பில் மருந்தடிக்கிறவர் காட்டுக்குத் தை மாதம் கதிர் ஒடிக்க ஒரு பெண்ணும் போக மாட்டாள். காட்டுக்குள் அடிப்பவர் நாலு மூலையிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும். கட்டாதவருக்கும் ஆள் கிடையாது.

"யாரு போய்ச் சொல்றது?" என்றாள் பவுனு. "எங்க பேச்ச எவன் கேப்பான்?"

வாசலில் உட்கார்ந்திருந்தவர், "நான் சொல்றேன்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். "மருந்தடிச்சவன் சொன்னாத்தான் கேப்பாங்க."

போய் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். தட்டைத் தட்டிவிட்ட கதையையும் சேர்த்தே சொன்னாராம். யாரும் சிரிக்கவில்லையாம். இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


நவம்பர் 21, வெள்ளி

பக்கத்தின் நடுவில் சுகந்தி ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறாள். இடது பக்கம் அவள், வலது பக்கம் நான்.

"எழுதலேன்னா நானே எழுதுவேன் அத்தை. பொய் எழுத மாட்டேன்."

யாரிடம் கற்றாளோ.

சுகந்தி: காலை கம்மங்கூழ், முட்டை. மதியம் சோறு, கீரைக் கடையல், அவரைக்காய்ப் பொரியல்.

நான்: காலை கம்மங்கூழ். முட்டை. (முழு முட்டை.) மதியம் அவளோடு சேர்ந்து உட்கார்ந்தேன். சோறு, அரை ஏக்கருக்குள்ளே வேலியோரம் தேடிப் பறித்த பண்ணைக்கீரை, அவரைக்காய். அவரை இந்த வருஷத்து முதல் பறிப்பு.

பாதிச் சாப்பாட்டில் இவர் காட்டிலிருந்து வந்தார். கை கால் கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் தட்டுக்கு முன்னால் உட்காருவதுபோல் வந்து நின்றார். எழுந்து போட வேண்டும் என்று என் கால் தானாகப் பரபரத்தது. இருபத்து நான்கு வருஷத்துக் கால் அது. சுகந்தி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"உக்காருங்க" என்றேன் அவரிடம். "நாங்க சாப்பிட்டு எழுந்ததும் போடுறேன்."

சுவரில் அன்றைக்குத் தெறித்த கீரைக் கறை இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்தபடி அவர் சுவரோரம் உட்கார்ந்தார்.

சட்டியில் ஒரு கரண்டிக் கீரை மீதி இருந்தது. இத்தனை வருஷம் அது யாருக்காவது என்று வைத்திருப்பேன். எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன்.